கல்லூரி விடைத்தாள் மதிப்பீட்டில் ஆசிரியரின் புலப்படாச் சார்பைக் கண்டறிதல்: மஞ்சூர் வட்டார மாணவர்களை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

விடைத்தாளில் மாணவர் பெயரை மறைத்து மாற்றெண் இடுவது மதிப்பீட்டின் நடுநிலைக்குப் போதிய காப்பெனக் கருதப்படுகிறது. தமிழில் எழுதப்பெறும் விடையிலோ எழுதியவரின் வட்டாரமும் வீட்டுமொழியும் சொல்லாட்சி வழியே வெளிப்பட்டுவிடுகின்றன. ஆகவே பெயர் மறைந்த பின்னும் சார்பு செயற்படக்கூடும். அச்சார்பை ஆசிரியரின் நோக்கத்தை வினவியோ மாணவரின் முறையீட்டைக் கொண்டோ கண்டறிய இயலாது. ஒரே விடைக்குக் கிடைக்கும் இரு மதிப்பெண்களின் வேறுபாட்டில்தான் அதனைத் தேட வேண்டும். அவ்வாறு தேடுவதற்குரிய இரு வழிகளை நீலகிரி மாவட்டம் மஞ்சூர் வட்டார மாணவர்களின் நிலையில் பொருத்தி, அவற்றின் வரம்புகளையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அகமதிப்பீடு, மாற்றெண், புலப்படாச் சார்பு, வீட்டுமொழிச் சாயல், மும்மைப்படிச் சோதனை.

முன்னுரை

நீலகிரி மாவட்டத்தின் தென்மேற்கில் குந்தா வட்டத்தின் தலைமையிடமாக அமைந்தது மஞ்சூர். இங்குப் பள்ளிக்கல்வி முடித்த மாணவர்கள் கல்லூரிக் கல்விக்கு உதகமண்டலத்திற்கோ குன்னூருக்கோ கெத்தை மலைப்பாதை வழியே கோவைப் பக்கத்திற்கோ செல்கின்றனர். இவ்வட்டார மக்களைத் தமிழ் தெரிந்தோர் என்னும் ஒரே தொகுதியில் அடக்கிவிடலாம். ஆனால் அவர்தம் வீட்டுமொழி ஒன்றன்று. சிறு தேயிலை உழவர்களாகிய படகர் வீட்டில் படகு பேசுகின்றனர். கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடா நாட்டு உதவியுடன் உருவான குந்தா நீர்மின் திட்டம் சமவெளியிலிருந்து பல குடும்பங்களை இம்மலைக்குக் கொணர்ந்தது. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தால் தாயகம் திரும்பிய மலையகத் தமிழரும் இம்மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறினர். மலையாளமும் கன்னடமும் பேசுவோரும் உளர். தொதவர், கோத்தர் முதலிய பழங்குடியினர்க்குத் தனித்தனி மொழிகள் உண்டு.

இவர்கள் அனைவரும் எழுதும் தேர்வுத் தமிழ் ஒன்றே. அத்தேர்வுத் தமிழை மதிப்பிடுவோரிற் பலர் சமவெளியின் எழுத்துத் தமிழில் பயின்றவர்கள். இவ்விரண்டும் சந்திக்கும் இடம் விடைத்தாள். அவ்விடத்தில் மாணவர் இழப்பது இரண்டு மதிப்பெண்ணாகவே இருக்கலாம். ஆயின் அது தேர்ச்சிக்கும் தோல்விக்கும் இடைப்பட்ட எல்லையில் நிகழுமாயின், முதல் தலைமுறையாகக் கல்லூரி வந்த ஒருவர் படிப்பைத் தொடர்வதும் விடுவதும் அதனால் முடிவாகலாம்.

சொல்லாட்சி பற்றி

1995-இல் அந்தோணி கிரீன்வால்டு, மசரின் பானாஜி ஆகியோர் தாம் அறியாமலே செயற்படும் மனப்பாங்கு பற்றி எழுதிய கட்டுரைக்குப் பின் இக்கருத்து உளவியலில் பரவலாயிற்று. தமிழில் இதனை 'உள்ளார்ந்த சார்பு' என்கின்றனர். 'உள்ளுறைச் சார்பு' என எழுதுவாரும் உளர். முன்னது இயல்பிலேயே அமைந்தது என்னும் பொருள் தந்து, மாற்ற இயலாததோ என்னும் ஐயத்தை எழுப்புகிறது. பின்னது தமிழ் பயின்றோர்க்கு இன்னும் இடர் தருவது. தொல்காப்பியம் கூறும் உள்ளுறை உவமத்தில் பொருளை மறைத்து வைப்பவர் அம்மறைவை அறிந்தே வைக்கிறார். இங்கோ, சார்பு உடையவரே அதனை அறியார். ஆதலின் 'புலப்படாச் சார்பு' என்னும் தொடரே இக்கட்டுரையில் ஆளப்படுகிறது.

பிறழ்ச்சியையும் சார்பையும் வேறுபடுத்துதலும் இன்றியமையாதது. ஒரே விடைக்கு இரு ஆசிரியர் இருவேறு மதிப்பெண் இடுவது பிறழ்ச்சி. 1888-இலேயே எட்ஜ்வொர்த் தேர்வு மதிப்பெண்களை அளவீட்டுப் பிழைக் கோட்பாட்டின் துணையுடன் ஆராய்ந்து, அவற்றில் தற்செயலின் பங்கு எவ்வளவு பெரிது எனக் காட்டினார். பிறழ்ச்சி எல்லா மாணவரையும் ஏறியும் இறங்கியும் தாக்கும். பல தாள்களில் ஓரளவு ஈடாகிவிடும். சார்பு ஒரு திசையில் மட்டுமே சாயும். எத்தனை தாள் எழுதினும் ஈடாகாது. முதுகலைத் தேர்வுகளில் பல பல்கலைக்கழகங்கள் மேற்கொள்ளும் இரட்டை மதிப்பீடு பிறழ்ச்சிக்கு மருந்தாகுமே அன்றிச் சார்புக்கு ஆகாது. இரு மதிப்பீட்டாளரும் ஒரே பக்கம் சாய்ந்திருப்பின் அவர்தம் மதிப்பெண்கள் நன்கு ஒத்துப்போகும். மூன்றாமவர்க்குத் தாள் செல்லவே செல்லாது. அவ்விடத்தில் ஒற்றுமையே குறையை மறைக்கிறது.

நன்னூலின் இரு பக்கம்

நன்னூற் பொதுப்பாயிரம் நல்லாசிரியர்க்குக் காட்டும் உவமைகளுள் நிறைகோலும் ஒன்று. நடுநிலைக்கு அதனைச் சான்றாகக் காட்டாத ஆசிரியப் பயிற்சி உரை அரிது. அதே பாயிரம் மாணாக்கரைத் தலை, இடை, கடை என மூவகைப்படுத்தி, அன்னமும் ஆவும் முதலாக இல்லிக்குடமும் நெய்யரியும் ஈறாக உவமை கூறுவதையும் உடன்வைத்துக் காண வேண்டும். பவணந்தியார் வகுத்தது கற்கும் திறத்தின் வகை. நடைமுறையிலோ, வகுப்பின் முதல் மாதத்திலேயே இன்னார் இன்ன வகை என ஆசிரியர் மனத்தில் ஒரு பட்டியல் அமைந்துவிடுகிறது. பின்னர் வரும் விடை அப்பட்டியலின் வெளிச்சத்திலேயே படிக்கப்படுகிறது. 1920-இல் தார்ண்டைக், படைத்துறை மேலலுவலர்கள் தம்கீழ்ப் பணிபுரிந்தோரின் வெவ்வேறு பண்புகளுக்கு இட்ட மதிப்பீடுகள் ஒன்றோடொன்று வேண்டும் அளவினும் மிகுதியாக ஒத்திருந்ததைச் சுட்டி, ஒரு பண்பு பற்றிய எண்ணம் ஏனையவற்றின்மீதும் படிவதை ஒளிவட்ட விளைவு என்றார். கையெழுத்தும் எழுத்துப்பிழையும் பொருளறிவு பற்றிய மதிப்பீட்டில் படிவது இவ்வகையினதே.

பிறநாட்டு, இந்திய ஆய்வுகள்

பெயர் தெரிந்த மதிப்பீட்டையும் பெயர் மறைந்த மதிப்பீட்டையும் ஒப்பிடும் வழியை விக்டர் லாவி இசுரேல் நாட்டு மேல்நிலைத் தேர்வுகளில் கையாண்டு 2008-இல் வெளியிட்டார். பள்ளி ஆசிரியர் இட்ட மதிப்பெண்ணையும் வெளியார் பெயரறியாது இட்ட மதிப்பெண்ணையும் ஒப்பிட்டபோது, ஒன்பது பாடங்களிலும் ஆண் மாணவர் பள்ளி மதிப்பெண்ணில் பின்தங்கினர். பலரும் எதிர்பார்த்ததற்கு மாறான திசை இது. சைமன் பர்ஜெஸ், எலன் கிரீவ்ஸ் இருவரும் இங்கிலாந்தின் தொடக்கப்பள்ளி இறுதி மாணவர்களைக் கொண்டு 2013-இல் வெளியிட்ட ஆய்வு, கறுப்பின மாணவர் சிலர் தேர்வில் பெறும் நிலையினும் குறைவாகவும், இந்திய, சீன மரபினர் மிகுதியாகவும் ஆசிரியரால் மதிக்கப்படுவதைக் கண்டது. அப்பள்ளியில் அம்மரபு மாணவர் முன்னாண்டுகளில் பெற்ற நிலையோடு அவ்வேறுபாடு தொடர்புற்றிருந்தது. முன்னோடி மாணவரின் நிழல் பின்வரும் மாணவர்மீது விழுகிறது என்பது இதன் பொருள்.

நமக்கு நெருங்கியது ரேமா ஹன்னா, லீ லிண்டன் இருவரும் இந்தியாவில் நடத்தி 2012-இல் வெளியிட்ட சோதனை. சிறுவர்களின் உண்மையான விடைத்தாள்களின் முகப்பில் வயது, பால், சாதி ஆகிய குறிப்புகளைக் குலுக்கல் முறையில் மாற்றி இட்டு ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தனர். விடையின் தரத்திற்கும் முகப்புக் குறிப்பிற்கும் தொடர்பே இல்லாதவாறு அமைத்ததால், காணும் வேறுபாடு முழுதும் குறிப்பினால் விளைந்ததே ஆகும். தாழ்த்தப்பட்ட சாதியெனக் குறிக்கப்பெற்ற தாள்கள் 0.03 முதல் 0.08 திட்டவிலக்கம் வரை குறைவான மதிப்பெண் பெற்றன. இரண்டு நுண்மைகள் இங்குக் கருதத்தக்கவை. ஒன்று, வேறுபாடு திருத்தும் பணியின் தொடக்கத்தில் மிக்கிருந்தது. மற்றொன்று, அது பெரும்பாலும் தாழ்த்தப்பட்ட சாதியைச் சேர்ந்த ஆசிரியர்களிடமிருந்தே வந்தது. சார்பு என்றவுடன் பகைமையைக் கற்பித்துக்கொள்ளும் நம் வழக்கத்தை இம்முடிவு அசைக்கிறது. மலையில் பிறந்து வளர்ந்த ஆசிரியர் மலை மாணவரின் தமிழைக் கூடுதல் கடுமையுடன் நோக்குதலும் இயலக்கூடியதே. ஆகவே ஆசிரியரின் ஊரையும் குடியையும் கொண்டு சார்பை ஊகிப்பது ஆய்வாகாது.

முதல் வழி: அகமதிப்பெண்ணும் புறமதிப்பெண்ணும்

அகமதிப்பீட்டிற்கு 25, பருவத் தேர்விற்கு 75 என்னும் பகிர்வு தமிழகப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் நெடுங்காலம் வழங்கிவரும் ஒன்று. முன்னதில் ஆசிரியர்க்கு மாணவர் முகம் தெரியும்; பின்னதில் மாற்றெண்ணே தெரியும். லாவியின் வழியை இங்குக் கையாள இயற்கையாகவே அமைந்த வாய்ப்பு இது. மஞ்சூர் வட்டார மாணவரின் அகமதிப்பெண்ணுக்கும் புறமதிப்பெண்ணுக்கும் உள்ள இடைவெளியைப் பிற மாணவரின் இடைவெளியோடு ஒப்பிட வேண்டும். தனியொருவரின் இடைவெளி எதனையும் மெய்ப்பிக்காது. இரு குழுக்களின் இடைவெளிகளுக்கு இடையேயான வேறுபாடே சான்று.

எளிதாகத் தோன்றும் இவ்வழியில் தடைகள் உள. அகமதிப்பெண்ணில் வருகைப்பதிவுக்கும் பங்கு தரும் கல்லூரிகள் உண்டு. 2019 ஆகஸ்டில் குந்தா மலைத்தொடரைச் சார்ந்த அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை பதிவானது. அத்தகைய நாள்களில் சாலை அடைபட்டு வகுப்பிழக்கும் மாணவர் மதிப்பெண் இழப்பது விதியின் சார்பே அன்றி ஆசிரியரின் சார்பன்று. களைய வேண்டியதே எனினும் அது வேறு குறை. எனவே வருகைக்குரிய மதிப்பெண்ணை நீக்கிவிட்டுத் தேர்வு, ஒப்படைவு, கருத்தரங்கு ஆகியவற்றை மட்டும் கணக்கிற் கொள்ளுதல் வேண்டும். மேலும், அகமதிப்பெண்கள் உச்சத்தை ஒட்டித் திரள்வதால் மதிப்பெண்ணினும் வகுப்பில் பெற்ற தரவரிசையை ஒப்பிடுவது பயன்தரும்.

பெருந்தடை எண்ணிக்கையே. எடுத்துக்காட்டிற்காக ஒரு கணக்கு: 40 பேர் கொண்ட வகுப்பில் மஞ்சூர் வட்டாரத்தார் 6 பேர், ஏனையோர் 34 பேர், அக, புற மதிப்பெண் இடைவெளியின் திட்டவிலக்கம் 3 எனக் கொள்வோம். இரு குழுச் சராசரிகளின் வேறுபாட்டிற்குரிய திட்டப்பிழை ஏறத்தாழ 1.33 ஆகும். ஒரு மதிப்பெண் அளவினதாகிய சார்பு உண்மையில் இருப்பினும் தற்செயலிலிருந்து அதனைப் பிரித்தறிய முடியாது. ஐந்து ஆண்டுத் தரவைத் தொகுத்தால் திட்டப்பிழை 0.59 ஆகக் குறையும், இன்னும் போதாது. பத்தாண்டுத் தரவில் 0.42 ஆகும்போது ஒரு மதிப்பெண் வேறுபாடு வழக்கமான அளவுகோலைத் தாண்டிவிடும். ஹன்னாவும் லிண்டனும் கண்ட அளவின் மேல்வரம்பை இக்கணக்கிற் பொருத்தினால் வேறுபாடு 0.24 மதிப்பெண், அதனைக் காண ஒரே துறைக்கு 120 ஆண்டுத் தரவு வேண்டியிருக்கும். ஓராண்டுப் பட்டியலை வைத்துக்கொண்டு 'சார்பு இல்லை' எனச் சான்றளிக்கும் அறிக்கைகளும் 'சார்பு உண்டு' எனக் குற்றஞ்சாட்டும் அறிக்கைகளும் ஒரே தரத்தினவே.

மாற்றெண்ணும் மறைக்காதது

முதல் வழியின் அடிப்படை, புறமதிப்பீடு மாணவரை அறியாதது என்னும் கொள்கை. கணக்கியல், இயற்பியல் தாள்களுக்கு இது பெரிதும் பொருந்தும். தமிழ்த் தாளுக்குப் பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் மைய வினா.

நாட்டுப்புறவியல் தாளில் 'உம் ஊர்த் திருவிழாவொன்றை விளக்குக' என்னும் வினாவிற்கு எத்தையம்மன் விழாவை எழுதும் மாணவர் 'ஹட்டி' என்று எழுதியவுடன் தம் முகவரியை எழுதிவிடுகிறார். குடியிருப்பை 'மந்து' என்பவரும் 'கோக்கால்' என்பவரும் அவ்வாறே. 'லயம்', 'பெரட்டு', 'கங்காணி' என்பன தேயிலைத் தோட்டத்தைக் காட்டுகின்றன. பாலைத் தமிழில் பகரத்தாலும் படகில் ஹகரத்தாலும் தொடங்குவதுபோன்ற முறையான ஒலி வேறுபாடுகள் உண்டு. 1939-இலேயே எமனோ படகு மொழியின் உயிரொலிகளில் நாமடி உயிர்கள் உள்ளமையைப் பதிவு செய்தார். தமிழ் எழுத்து காட்ட முன்வராத நுட்பம் அது. இத்தகைய பின்னணியிலிருந்து வரும் மாணவரின் எழுத்தில் எவ்வகைச் சாயல்கள் உண்மையில் அமைகின்றன என்பதை விடைத்தாள்களிலிருந்தே தொகுத்தறிய வேண்டும். மேசைமேலிருந்து ஊகித்தல் தகாது. ரகர றகர மயக்கத்தையும் ளகர ழகர மயக்கத்தையும் மலை மாணவர்க்கே உரியனவாகக் கொள்ளும் ஆசிரியர்கள் மதுரை மாணவரின் தாள்களை ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம்.

சாயல் கண்டு மதிப்பெண் குறைத்தல் எல்லாம் சார்பாகுமா என்னும் எதிர்வினா நியாயமானது. தமிழ்த் தாளில் எழுத்துப்பிழைக்கு மதிப்பெண் குறைப்பது ஆசிரியரின் கடமை. ஆகவே பிழைக்குரிய குறைப்பையும் பிழையைக் கடந்த குறைப்பையும் பிரிக்கும் சோதனை தேவை.

இரண்டாம் வழி: மும்மைப்படிச் சோதனை

ஹன்னாவும் லிண்டனும் முகப்பை மாற்றினர்; தமிழ்த் துறையில் மாற்ற வேண்டியது விடையின் மொழியை. முந்தைய ஆண்டு விடைகளிலிருந்து, எழுதியோரின் இசைவு பெற்று, சில விடைகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு விடைக்கும் மூன்று படிகள் அமைக்கப்பெறும். முதற்படி பிழையற்ற எழுத்துத் தமிழ். இரண்டாம் படியில் அதே கருத்துகள், அதே வரிசை, அதே நீளம். ஆயின் வீட்டுமொழிச் சாயல் குறிப்பிட்ட எண்ணிக்கையில் அமைந்திருக்கும். மூன்றாம் படியில் அதே எண்ணிக்கையில் சமவெளி மாணவரிடம் இயல்பாகக் காணும் எழுத்துப்பிழைகள் அமையும். மூன்றையும் ஒருவரே ஒரே கையெழுத்தில் படியெடுத்தல் வேண்டும். எந்த மதிப்பீட்டாளரும் ஒரே விடையின் இரு படிகளைக் காணலாகாது. பொருளுக்கும் மொழிக்கும் தனித்தனியே மதிப்பெண் இடுமாறு அவர்களைக் கேட்க வேண்டும்.

முதற்படிக்கும் மூன்றாம் படிக்கும் மொழி மதிப்பெண்ணில் வேறுபாடு இருத்தல் இயல்பு. இரண்டாம் படி மூன்றாம் படியினும் குறைவாகப் பெறுமாயின், பிழையின் அளவு ஒன்றாக இருக்கையில் ஒரு வட்டாரத்தின் சாயலுக்கு மட்டும் கூடுதல் தண்டம் விதிக்கப்படுகிறது என்பது தெளியும். அதனினும் வலுவான சான்று பொருள் மதிப்பெண்ணில் உள்ளது. கருத்துகள் சொல்லுக்குச் சொல் ஒத்திருக்க, இரண்டாம் படியின் பொருள் மதிப்பெண்ணும் குறையுமாயின் அதற்கு விடையில் காரணம் இல்லை, படிப்பவரிடமே உண்டு. மூன்றாம் படியிலும் பொருள் மதிப்பெண் அதே அளவு குறையுமாயின் அது வட்டாரச் சார்பன்று. மொழிப்பிழை பொருளறிவின்மேல் படியும் ஒளிவட்ட விளைவு. இரண்டுக்கும் மருந்து வேறு. இரண்டாம் படியே நடைமுறையில் 'தெளிவின்மை' என்னும் குறிப்போடு குறைக்கப்படலாம் என்பதால், குறைப்பின் காரணத்தையும் ஒரு தொடரில் எழுதச் செய்தல் நலம்.

இச்சோதனை ஒரு கல்லூரியோடு முடிவதன்று. பல கல்லூரி ஆசிரியரின் மதிப்பீடுகளைத் தொகுத்தால்தான் சிறு வேறுபாடும் புலப்படும். ஆய்வில் பங்கேற்பது பற்றி முன்னரே இசைவு பெற்று, எதனைச் சோதித்தோம் என்பதைப் பின்னர் விளக்கிச் சொல்லுதல் வேண்டும். மதிப்பீட்டாளர் பெயர் பதிவாகலாகாது. தனி ஆசிரியரை அடையாளங்காண இக்கருவி பயன்படாது. 1998 முதல் பரவிய மறைமுகத் தொடர்புச் சோதனையைக்கூடத் தனிமனிதரை மதிப்பிடப் பயன்படுத்தல் பொருந்தாது. ஒருவரே மறுமுறை எடுக்கும்போது முடிவு போதிய அளவு ஒத்துவருவதில்லை.

விதியும் முறையீடும்

பல்கலைக்கழக மானியக் குழு 2012-இல் வெளியிட்ட சமத்துவ விதிமுறைகள் சமவாய்ப்பு மையத்தையும் பாகுபாட்டுத் தடுப்பு அலுவலரையும் வகுத்தன. 2011-இல் ஆதித்யா பந்தோபாத்யாய் வழக்கில் உச்ச நீதிமன்றம், திருத்தப்பெற்ற தம் விடைத்தாளைக் காணும் உரிமை தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்த் தேர்வு எழுதியவர்க்கு உண்டு எனத் தீர்ப்பளித்தது. இரண்டும் பெறுமதி உடையன. ஆயினும் இரண்டும் ஒரு மாணவர் ஒரு தாளைப் பற்றி முறையிடுவதை அடிப்படையாகக் கொண்டவை. புலப்படாச் சார்பு ஒரு தாளில் தென்படாது. தம் தாளைப் பெற்ற மாணவர் காண்பது 7 என்னும் எண்ணை மட்டுமே. அதே விடைக்கு வேறொருவர் 9 பெற்றிருப்பார் என்பதை எந்தத் தாளும் காட்டாது.

துறை செய்யத்தக்கன

சோதனை முடிவு வரும்வரை காத்திராமலே மாற்றக்கூடிய நடைமுறைகள் சில உள. விடைத்தாள்களைப் பதிவெண் வரிசையில் திருத்தாது கலைத்து அடுக்கலாம். தொடக்கத்தில் சார்பு மிகும் என்னும் முடிவு உண்மையாயின், எப்போதும் ஒரே மாணவரே அத்தொடக்கத்தில் அகப்படாதிருப்பர். ஒரு மாணவரின் எல்லா விடைகளையும் தொடர்ந்து திருத்துவதை விடுத்து, எல்லா மாணவரின் முதல் வினாவையும் முடித்தபின் இரண்டாம் வினாவிற்குச் செல்வது ஒளிவட்டத்தைக் குறைக்கும். அகத்தேர்வுத் தாள்களில் பெயரை மடித்து ஒட்டச் செலவும் இல்லை.

எஞ்சுவது விடைக்குறிப்பு. 'ஹட்டி' பிழையா, வழக்கா? விழா வருணனையில் ஏற்கத்தக்க அச்சொல் இலக்கணக் கட்டுரையில் ஏற்கத்தக்கதா? 'பெரட்டு' என்னும் சொல்லை மலையக இலக்கியத் தாளில் கலைச்சொல்லாகப் பாராட்டிவிட்டு, மொழித்திறன் தாளில் சிவப்பு மையால் சுழிப்பது எந்த அளவையின்படி? வட்டார வழக்கு அகராதிகளையும் வட்டார நாவல்களையும் பாடமாக வைத்திருக்கும் துறைகள் இவ்வினாவிற்குரிய விடையை விடைக்குறிப்பில் ஒரு பத்தியாக எழுதித் தேர்வுக்கு முன்னரே மாணவர்க்கும் மதிப்பீட்டாளர்க்கும் வழங்க முடியும். அப்பத்தி இல்லாதவரை ஒவ்வொரு மதிப்பீட்டாளரும் அதனைத் தம் மனத்தில் தாமே எழுதிக்கொள்கிறார்.